கொடுத்த கை, குனியாத தலை



இன்று ஓர் அம்மாவை நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் அருணா ஆசப் அலி. தில்லி மாநகராட்சியின் முதல் மேயர் அவர்தான். 1996ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு 87 வயது.

எல்லா ஊரிலும் இப்படி ஓர் அம்மா இருப்பார். பசி என்று வந்தவருக்குச் சோறு போடுவார். கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் யாருக்கும் பயப்பட மாட்டார். தனக்குச் சரி என்று பட்டதைச் செய்வார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தயங்க மாட்டார். "அந்த அம்மா ஒரு தனிப் பிறவி" என்று ஊரார் சொல்வார்கள்.

அருணா அம்மாவும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அவர் ஒரு ஊருக்கு மட்டும் அம்மா இல்லை. நாட்டுக்கே அம்மாவாக இருந்தார்.

ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாகக் கொடுப்பது ஒரு குணம். பயப்படாமல் நிற்பது ஒரு குணம். இவை இரண்டும் வேறு வேறா? அல்லது இரண்டும் ஒன்றுதானா? கதையைக் கேட்ட பிறகு பதில் சொல்லுங்கள்.

பிறப்பும் படிப்பும்

அருணா 1909ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி பிறந்தார். பிறந்த ஊர் கால்கா. இப்போது அது ஹரியானா மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் சிம்லா மலைக்குச் சின்ன ரயில் போகிறது.

அவருடையது வங்காளிக் குடும்பம். அப்பா உணவு விடுதி நடத்தினார். அந்தக் காலத்தில் பெண்களைப் படிக்க வைத்தவர்கள் குறைவு. அருணாவை வீட்டில் படிக்க வைத்தார்கள். லாகூரிலும் நைனிதாலிலும் படித்தார். பிறகு கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தார்.

சொந்தமாகச் சம்பாதித்தார். சொந்தமாக யோசித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

உறவு எதிர்த்த கல்யாணம்

அலகாபாத்தில் அருணா ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் ஆசப் அலி. தில்லியில் வக்கீலாக இருந்தார். காங்கிரஸ் தலைவர்களில் ஒருவர். 1929ஆம் ஆண்டு பகத்சிங் தில்லி சட்டசபையில் குண்டு வீசினார் அல்லவா? அந்த வழக்கில் பகத்சிங்கின் பக்கம் நின்ற வக்கீல் இந்த ஆசப் அலிதான்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். குடும்பத்தில் பெரிய எதிர்ப்பு வந்தது. ஏன்? ஆசப் அலி முஸ்லிம். அருணா இந்துக் குடும்பத்துப் பெண். அதோடு மாப்பிள்ளைக்குப் பெண்ணைவிட 20 வயதுக்கு மேல் அதிகம்.

அருணா பின்வாங்கவில்லை. 1928ஆம் ஆண்டு அவர்கள் கல்யாணம் நடந்தது. அருணாவுக்கு அப்போது 19 வயது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அப்பாவின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருந்த ஓர் உறவினருக்குக் கோபம் தாங்கவில்லை. தன்னைப் பொறுத்தவரை அருணா செத்துப்போய்விட்டாள், அவளுக்குக் கருமாதியும் செய்தாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார்.

உயிரோடு இருக்கும் பெண்ணுக்குக் கருமாதி! நம் ஊரிலும் இப்படித் தலைமுழுகியவர்கள் உண்டு. அந்த வலி எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

அருணா தில்லிக்கு வந்தார். இனி அதுவே அவருடைய ஊர்.

"போக்கிடம் இல்லாதவள்"

1930ஆம் ஆண்டு. காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்கார அரசை எதிர்த்து நாடே எழுந்தது. அருணாவும் ஊர்வலம் போனார். கூட்டத்தில் பேசினார். போலீஸ் அவரைக் கைது செய்தது.

என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? போக்கிடம் இல்லாமல் ஊர் சுற்றுகிறவர் என்று குற்றம் சாட்டினார்கள். வீடும் கணவரும் உள்ள பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர்! வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்து நியாயம் கேட்கும் பெண்ணுக்கு இன்றும் ஏதாவது ஒரு பட்டம் கட்டுகிறார்கள். அன்று சட்டத்தை வைத்தே கட்டினார்கள்.

1931ஆம் ஆண்டு காந்திக்கும் ஆங்கில அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அரசியல் கைதிகளை விடுதலை செய்தார்கள். அருணாவை மட்டும் விடவில்லை. அவர் மேல் இருந்தது ஊர் சுற்றிய வழக்கு, அரசியல் வழக்கு அல்ல என்றார்கள்.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. சிறையில் கூட இருந்த பெண்கள் வெளியே போக மறுத்தார்கள். அருணாவை விட்டால்தான் நாங்களும் போவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காந்தியடிகள் தலையிட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். வெளியே மக்களும் போராடினார்கள். அருணா விடுதலையானார்.

யோசித்துப் பாருங்கள். சிறைக் கதவு திறந்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெண்ணுக்காக மற்ற பெண்கள் உள்ளேயே நிற்கிறார்கள். தன்னலம் பார்க்கிறவருக்காக யாராவது இப்படி நிற்பார்களா?

அடுத்த வருடம், 1932இல், மறுபடியும் சிறை. இந்தத் தடவை தில்லிச் சிறை. அங்கே அரசியல் கைதிகளை மோசமாக நடத்தினார்கள். அருணா உண்ணாவிரதம் இருந்தார். அதனால் சிறையின் நிலைமை ஓரளவு சீரானது. ஆனால் அருணாவை அம்பாலா சிறைக்கு மாற்றினார்கள். அங்கே தனிமைச் சிறையில் அடைத்தார்கள்.

பலன் மற்றவர்களுக்குக் கிடைத்தது. தண்டனை அவருக்குக் கிடைத்தது.

பம்பாயில் ஏற்றிய கொடி

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்ட் 8ஆம் தேதி பம்பாயில் காங்கிரஸ் கூட்டம் நடந்தது. பம்பாய்தான் இன்றைய மும்பை. "வெள்ளையனே வெளியேறு" என்று அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆசப் அலியோடு அருணாவும் தில்லியிலிருந்து வந்திருந்தார்.

மறுநாள் விடியும் முன்பே போலீஸ் வந்தது. காந்தி, நேரு, பட்டேல் என்று பெரிய தலைவர்கள் எல்லோரும் கைதானார்கள். ஆசப் அலியும் கைதானார்.

அன்று காலை கோவாலியா குளம் மைதானத்தில் கொடியேற்றுவதாக இருந்தது. தலைவர்கள் எல்லோரும் சிறையில். மைதானத்தில் போலீஸ் நிற்கிறது. கூட்டம் கூடக்கூடாது என்று தடை. மக்கள் கூடிவிட்டார்கள். யார் கொடி ஏற்றுவது?

33 வயது அருணா முன்னால் வந்தார். கொடியை ஏற்றினார். கண்ணீர்ப் புகைக் குண்டுகள் விழுந்தன. ஆனால் கொடி ஏறிவிட்டது. அந்தச் செய்தி நாடு முழுவதும் பரவியது. இன்று அந்த இடத்தின் பெயர் ஆகஸ்டு கிராந்தி மைதானம். கிராந்தி என்றால் புரட்சி.

தலைமறைவு வாழ்க்கை

அருணாவைப் பிடிக்க வாரண்டு வந்தது. அவர் அகப்படவில்லை. தலைமறைவானார். அதாவது, போலீஸ் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்ந்து போராட்டத்தை நடத்தினார். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர்.

அரசு அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்தது. அதை விற்றும் விட்டது. சரணடைந்தால் சொத்துத் தப்பியிருக்கலாம். அவர் சரணடையவில்லை. அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 5000 ரூபாய் பரிசு என்று அரசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

அவருக்கு இடம் கொடுத்தவர்கள் பலர். சோறு கொடுத்தவர்கள் பலர். அவர்களும் சிறைக்குப் போக நேரிடும் என்று தெரியும். ஆனாலும் கொடுத்தார்கள். இதையும் மறக்கக்கூடாது. கொடுத்தவருக்குக் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

தலைமறைவாக இருந்தபோதும் எழுத்தை விடவில்லை. ராம் மனோகர் லோகியா என்ற தலைவரோடு சேர்ந்து "இன்குலாப்" என்ற பத்திரிகையை நடத்தினார். இன்குலாப் என்றாலும் புரட்சி என்றுதான் பொருள்.

காந்தியின் கடிதம்

அலைந்து திரிந்ததில் அருணாவின் உடம்பு கெட்டது. எலும்பும் தோலுமாக ஆனார். தில்லியில் கரோல்பாக் பகுதியில் டாக்டர் ஜோஷியின் மருத்துவமனையில் சில காலம் மறைந்திருந்தார்.

1944ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறையிலிருந்து வெளியே வந்தார். அருணாவுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். அருணாவின் துணிச்சலை அதில் பாராட்டினார். இப்படி மறைந்திருந்தே உயிரை விட்டுவிடக் கூடாது, வெளியே வந்து சரணடைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிடித்துக் கொடுப்பவருக்கு உள்ள பரிசுப் பணத்தை அருணாவே வாங்கி, தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதினார்.

எழுதியவர் யார்? காந்தி. நாடே அவர் சொல்லைக் கேட்டது. அவர் அன்போடு எழுதுகிறார். உடம்போ முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் உடனே சரி என்றிருப்பார்கள்.

அருணா சரணடையவில்லை. அரசு வாரண்டை ரத்து செய்த பிறகுதான் வெளியே வந்தார். அது 1946ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி. மூன்று வருடத்துக்கு மேல் போலீசுக்கு அகப்படாமல் இருந்தார்.

அந்தக் கடிதத்தை என்ன செய்தார்? கிழித்துப் போடவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார். தன் வீட்டு முன்னறையில் மாட்டி வைத்திருந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒருவர் சொன்னதைக் கேட்காமல் இருப்பது வேறு. அவரை மதிக்காமல் இருப்பது வேறு. இரண்டும் ஒன்று என்றுதான் நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். "பெரியவர் பேச்சை மீறிவிட்டாள், மரியாதை தெரியாதவள்" என்பார்கள். அருணா பெரியவரின் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் பெரியவரின் கடிதத்தைக் கடைசி வரை போற்றினார்.

1946ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் இப்படி நடந்தது. பம்பாயில் கப்பற்படை வீரர்கள் ஆங்கில அரசை எதிர்த்து எழுந்தார்கள். காந்தி அந்த முறையை ஏற்கவில்லை. அருணா வீரர்களை ஆதரித்தார். இருவரும் வெளிப்படையாகவே மாறுபட்டுப் பேசினார்கள். அன்பு போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கடிதத்தை அருணா யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. தானே படித்தார். தானே யோசித்தார். தானே முடிவு செய்தார். நம் கடிதத்தை இன்னொருவர் படித்துச் சொன்னால், பல சமயம் நம் முடிவையும் அவரே சொல்லிவிடுகிறார். எழுத்து தெரிந்தால் இந்த நிலைமை மாறும்.

தில்லியின் முதல் மேயர்

1947இல் சுதந்திரம் வந்தது. அருணா நினைத்திருந்தால் பதவியும் வசதியும் தேடி வந்திருக்கும். அவருடைய கணவர் அமெரிக்காவுக்கு இந்தியாவின் முதல் தூதரானார். பிறகு ஒரிசாவின் ஆளுநரானார். அருணாவோ ஏழைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் இன்னும் விடிவு வரவில்லை என்று நினைத்தார். 1948இல் காங்கிரசை விட்டு சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். 1953இல் கணவர் காலமானார். 1954இல் இந்திய மாதர் தேசிய சம்மேளனம் என்ற பெண்கள் அமைப்பு உருவாக உதவினார். 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டும் விலகினார்.

"இப்படிக் கட்சி மாறலாமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஒருவர் கட்சி மாறினால் ஒன்றைப் பார்க்க வேண்டும். மாறியதால் அவருக்கு என்ன கிடைத்தது? அருணா ஒருநாளும் மந்திரி ஆகவில்லை. செல்வாக்கான இடத்தை விட்டுத்தான் அவர் வெளியே போனார்.

1958ஆம் ஆண்டு தில்லி மாநகராட்சி அமைந்தது. அதன் முதல் மேயராக அருணாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநகராட்சி என்றால் என்ன? குடிதண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, ஆரம்பப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றையெல்லாம் பார்ப்பதுதான் அதன் வேலை. பெண்கள் தினமும் கஷ்டப்படுவது இவற்றுக்காகத்தான். நாட்டின் தலைநகரில் அந்த வேலைக்குத் தலைமை தாங்க முதலில் வந்தவர் ஒரு பெண்.

மாநகராட்சியின் அலுவலகம் அன்று சாந்தினி சௌக் கடைவீதியில், டவுன் ஹால் கட்டடத்தில் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்பு எந்த நகரத்தில் ஊர் சுற்றி என்று வழக்குப் போட்டார்களோ, அதே நகரம் அவரை முதல் நாற்காலியில் உட்கார வைத்தது.

பஸ்ஸில் போன அம்மா

மேயர் பதவிக்குப் பிறகு அவர் பெரிய பதவி எதையும் தேடவில்லை. "லிங்க்" என்ற வாரப் பத்திரிகையும் "பேட்ரியட்" என்ற நாளிதழும் நடக்கத் துணை நின்றார். பெண்களின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் பாடுபட்டார். எளிமையாக வாழ்ந்தார். தில்லி பஸ்ஸில் எல்லோரையும் போல நின்றுகொண்டு பயணம் செய்வார்.

ஒரு நிகழ்ச்சியை இப்படிச் சொல்வார்கள். ஒருநாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். வயதான அருணா நின்றுகொண்டிருந்தார். நாகரிகமாக உடுத்திய ஓர் இளம்பெண்ணுக்கு ஒரு வாலிபன் எழுந்து இடம் கொடுத்தான். அந்தப் பெண் உட்காரவில்லை. அருணாவை உட்காரச் சொன்னாள். சகோதரிக்குத்தானே இடம் கொடுத்தேன் என்று வாலிபன் முணுமுணுத்தான். அருணா சிரித்தார். பரவாயில்லை, சகோதரிக்கு முன்னால் தாய்தானே வரவேண்டும் என்றாராம்.

தான் முன்னாள் மேயர் என்று அவர் சொல்லவில்லை. சிறைக்குப் போனவள் என்று சொல்லவில்லை. தாய் என்று மட்டும் சொன்னார்.

வயதாகிவிட்டது என்று பேசாமலும் இருந்துவிடவில்லை. பிரதமர் இந்திரா காந்தி அவருக்கு வேண்டியவர். ஆனாலும் 1975இல் அவர் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது அருணா குறை சொன்னார். வேண்டியவர் செய்தாலும் தப்பு தப்புதான்.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1964ஆம் ஆண்டுக்கான லெனின் அமைதிப் பரிசு, 1991ஆம் ஆண்டுக்கான நேரு விருது, 1992இல் பத்ம விபூஷண். மறைந்த பிறகு 1997இல் பாரத ரத்னா. நம் நாட்டின் மிக உயர்ந்த விருது அது.

கேள்விக்குப் பதில்

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கொடுக்கும் குணமும் பயமில்லாத குணமும் ஒன்றா, வேறா?

அருணா அம்மாவின் வாழ்க்கையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உறவு போனது. சொத்து போனது. உடம்பு கெட்டது. கட்சி போனது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கொடுத்தார். போய்விடுமே என்ற பயம் அவருக்கு இல்லை. அதனால்தான் அவரால் தாராளமாகக் கொடுக்க முடிந்தது. அதனால்தான் யாரும் அவரை மிரட்டிப் பணிய வைக்கவும் முடியவில்லை. இழக்கப் பயப்படுகிறவர் கையை மூடிக்கொள்வார். தலையையும் குனிந்துகொள்வார்.

அவர் எல்லாவற்றையும் கொடுத்தார். ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அப்பா வீட்டாருக்கும் கொடுக்கவில்லை. அரசாங்கத்துக்கும் கொடுக்கவில்லை. காந்திக்கும் கொடுக்கவில்லை.

பெண்கள் கொடுத்துக் கொடுத்தே வாழ்கிறவர்கள். நகையைக் கொடுக்கிறோம். கூலியைக் கொடுக்கிறோம். கடைசிக் கவளத்தையும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்த்து முடிவையும் கொடுத்துவிடுகிறோம். படிக்காமல் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்? எங்கே வைத்தோம், எதற்கு வைத்தோம் என்று பிறகு அழுதவர்கள் எத்தனை பேர்? இனிமேல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சரியில்லை என்று பட்டால் போடாதீர்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

தில்லியில் இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று பழைய தில்லியின் ஓரத்தில் உள்ள ஆசப் அலி சாலை. இன்னொன்று தெற்கு தில்லியில் உள்ள அருணா ஆசப் அலி சாலை. அரசு மருத்துவமனை ஒன்றும் அவர் பெயரில் நடக்கிறது. உறவினர் "செத்துவிட்டாள்" என்று சொன்ன பெண்ணின் பெயர் இன்று பெயர்ப்பலகையில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் பலர் வேலைக்காகத் தில்லியில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க நீங்களும் ஒருநாள் போகலாம். அந்தச் சாலை வழியாகப் பஸ் போனால், பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். தெரிந்தால், அவர் யார் என்று நீங்களே அவருக்குச் சொல்லுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. காந்தியின் கடிதம் உங்களுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏன்?

2. சிறையில் இருந்த பெண்கள் அருணாவுக்காக வெளியே போக மறுத்தார்கள். உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்காக மற்ற பெண்கள் சேர்ந்து நின்றது உண்டா?

3. உங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த, கொடுத்த கையும் குனியாத தலையும் கொண்ட ஓர் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.